காலால் பிறந்தவள்

ஊரடங்கு போட்ட புதிதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. அவ்வளவுதான். ஊரப்பாக்கத்து ஒற்றை அறை வீட்டில் நானும், பக்கவாதத்தில் இடது பக்கம் செயலிழந்த அம்மாவும் மட்டும். அவளைத் தூக்க ஒத்தாசைக்கு வரும் வேலைக்கார அக்கா செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வருபவர். ரயிலே இல்லை. பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் கொரோனா என்று தெரிந்ததும் தெருமுனையைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டருக்கு போன் போட்டால், "மாத்திரை போட்டுட்டு ரெஸ்ட் எடுங்க" என்றார். ரெஸ்டாம்! வந்த ஆத்திரத்துக்கு போனை விட்டெறிந்திருப்பேன். அப்புறம் குனிந்து எடுக்க யார் இருக்கிறார்கள்? அம்மாவுக்குப் பின்பக்கம் தோல் சிவந்திருந்தது. புரட்டாமல் விட்டால் புண் வைத்துவிடும். புண் வைத்தால் ஆஸ்பத்திரி. அந்த நேரத்து ஆஸ்பத்திரியில் விட்டால் திரும்பி வருவாளா? பாத்திரம் தேய்க்கும் இடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"இன்னாடி, இடுப்பா? இங்க வா. குப்புறப் படு."

"சும்மா இரும்மா."

"காலால பொறந்தவ நான் ஒருத்தி வூட்லயே கீறேன், நீ டாக்டரக் கேட்டுகினு கீறே?"

அம்மா பிறக்கும்போது தலைக்குப் பதில் கால்தான் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்கள் சொந்த ஊரான சதுரங்கப்பட்டினத்தில் கடலில் வலை இழுத்து இடுப்பு பிடித்த ஆம்பளைகள் எல்லாம் விடிந்ததும் வெறும் வயிற்றோடு எங்கள் வாசலில் வந்து குப்புறக் கிடப்பார்கள். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, திட்டிக்கொண்டே மிதிப்பாள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் போனேன். வேறு யாரிடம் போவது?

கட்டிலை ஒட்டித் தரையில் படுத்தேன். அம்மா தன் நல்ல காலை மெல்ல நகர்த்திக் கீழே தொங்கவிட்டாள். பாதம் என் இடுப்பில் பட்டது. எத்தனை ஆண்களை மிதித்த கால்! கனமே இல்லை. நீவப் பார்த்தாள்; நடுங்கி வழுக்கியது. மறுபடி வைத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"வுட்டுச்சாடி?"

வலி அப்படியே இருந்தது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"வுட்டுப்போச்சும்மா."

"அப்டீனா தூக்கு என்னை. பாத்ரூமுக்கு இட்டுகினு போ. படுக்கையிலயே போய்ப் போய் மானமே போச்சுடி."

கட்டில் காலைப் பிடித்து எழுந்தேன். அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். கண் இருண்டது. கத்தல் தொண்டைவரை வந்தது. அவள் தோளில் முகத்தைப் புதைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அம்மா சிரித்தாள், படுத்த படுக்கையான பிறகு முதல்முறையாக.

"பாத்தியா, எங்காலு இன்னும் சாவல."