சாந்தினி அக்காவின் மூன்றாவது ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை, பக்குரங்காவில் என் வீட்டு அடுப்படியில் மாவுக்குள் கறி வைத்து ரோல்ஸ் உருட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளியும் சனியும் எங்கள் பேஸ்பால் அணி வென்றுவிட்டது. வெல்லும் என்று சொன்னவர் சாந்தினி அக்கா, தோற்கும் என்று சொன்னவன் நான். யார் சொன்னது பொய்த்ததோ அவர் அடுத்த ஆட்டத்துக்கு ரோல்ஸ் செய்துகொண்டு வர வேண்டும் என்பது எங்களுக்குள் சட்டம். கையெல்லாம் மாவு. போனில் அக்கா வீட்டு எண் தெரிந்தது. மருத்துவமனையில் சேர்த்திருந்த அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார், கிண்டல் செய்யத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "உருட்டிட்டுத்தான் இருக்கேன் அக்கா" என்றேன். மறுமுனையில் அவர் கணவர் ஞானம் அண்ணன். "தம்பி, அவ விடியக்காலமை போயிட்டா" என்றார்.

நம் கோயிலுக்கு வரும், அக்காவைத் தெரிந்த உங்களில் பலருக்கு அவர் பாபடோயிட்டோய்க்காரர், விமான நிலையச் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தவர், கோயில் சமையலில் முன்னால் நிற்பவர். பேஸ்பால் மைதானத்தில், மூன்றாம் பேஸ் பக்கத்து வரிசையில் அவர் யார் என்பது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நீங்கள் யாரும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன், அதனால் நான் சொல்கிறேன்.

அந்த மைதானத்துக்கு நான் முதலில் போனது என் மகளுக்குப் பள்ளியில் இலவச டிக்கெட் கிடைத்ததால். மதுரையில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. பாதி ஆட்டத்தில் கிளம்பிவிடலாம் என்று எழுந்தபோது பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல் பந்தெறியும் எங்கள் பிட்சரைத் தமிழில் திட்டியது. "டேய் தம்பி, நேரா எறியடா. அவனுக்கு ஏன் சும்மா நடக்க விடுறாய்?" நாலு பந்து தப்பாகப் போனால் அடிப்பவன் ஓடாமலேயே முதல் பேஸுக்கு, அதாவது ஓடித் தொட வேண்டிய முதல் மூலைக்கு, நடந்து போகலாம் என்பதை அந்தத் திட்டிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். திரும்பிப் பார்த்தேன். அணியின் தொப்பி, நெற்றியில் திருநீறு, மடியில் ரோல்ஸ் டப்பா. தமிழா என்று நான் கேட்பதற்கு முன்பே ஒரு ரோல்ஸ் என் கைக்கு வந்துவிட்டது.

ஞானம் அண்ணன் கிரிக்கெட் பைத்தியம். டெஸ்ட் மேட்ச் ஓடும்போது அந்த வீட்டு வரவேற்பறைக்குள் யாரும் நுழைய முடியாது. அக்காவுக்கு அதில்தான் எரிச்சல். "அஞ்சு நாள் விளையாடிப்போட்டு கடைசியில சமநிலையாம். பேஸ்பாலிலை அப்பிடி ஒருத்தரும் தப்ப ஏலாது. ஆரோ ஒராள் வெல்லுமட்டும் விளையாடத்தான் வேணும்" என்பார். ஆட்டம் பார்ப்பதற்காகவே வெள்ளி மாலை ஷிஃப்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, கிறிஸ்துமஸ் நாள் ஷிஃப்டைத் தலையில் கட்டிக்கொள்வார்.

ஆட்டம் தொடங்குமுன் அவர் எழுந்து நின்று "வெல்லுவம்" என்பார். எங்கள் வரிசையில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழர். ஆனால் வரிசை முழுக்க, சமோவாக்காரர்களும் வெள்ளைக்காரர்களும், அந்த ஒரு சொல்லைக் கற்றுவைத்திருந்தார்கள். அவர்களும் திருப்பிச் சொல்வார்கள். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். தோற்போம் என்று பந்தயம் கட்டியவன் எப்படிச் சொல்வது? அக்கா எனக்கு வைத்த பெயர் கரிநாக்கு.

இந்த சீசன் எங்கள் அணி எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே! முதல் வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். பந்து வேலியைத் தாண்டிப் போன ஹோம் ரன் மட்டும் மூன்று. அக்கா கத்தியதில் அவருடைய தொப்பி இரண்டு வரிசை தள்ளிப் போய் விழுந்தது. மறுநாள் அதே எதிரணி, அதே மைதானம், ஒன்பதுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். முந்தின நாள் இடியாக அடித்தவன் அன்றைக்குக் காற்றில் மட்டையை வீசி வீசிவிட்டு உட்காரப் போனான். ஒருநாள் எமகாதகர்கள், மறுநாள் எங்கிருந்து பிடித்து வந்தார்கள் என்று கேட்க வைப்பவர்கள். ரோல்ஸ் டப்பா பாபடோயிட்டோய்க்கும் பக்குரங்காவுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. நான் ஒருமுறை கடையில் வாங்கிக் கொண்டுபோனேன். ஒரே கடியில் கண்டுபிடித்து, அதைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார்.

இன்னொரு நாளை மறக்க முடியாது. ஆறு ரன் முன்னால் இருந்தோம், ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ். வந்த பிட்சர் அத்தனையையும் வாரி வழங்கினான். கடைசி இன்னிங்ஸ் தொடங்கியபோது நாங்கள் பின்னால். நான் தோற்போம் என்று கட்டியவன்தான், ரோல்ஸ் எனக்குத்தான். இருந்தாலும் இனி இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று காருக்குப் போக எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "கடைசி ஆள் அவுட்டாகுமட்டும் எழும்பக் கூடாது. அவங்கள் இன்னும் நிக்கிறாங்கள்தானே" என்றார். தோற்றோம். அவர் எழுந்து நின்று கைதட்டினார், பிறகு அந்தப் பிட்சரைப் பரம்பரையோடு திட்டினார்.

ஒரு வார இறுதிக்கு மூன்று ஆட்டம். மூன்றையும் வென்றதே இல்லை, இந்த சீசனில் அடுத்தடுத்து இரண்டைக்கூட வென்றதில்லை. அக்காவின் ஆசை அதுதான். இதயம் சரியில்லை என்று மருத்துவமனையில் சேர்த்தபோதும் அதையேதான் சொன்னார். "மூண்டையும் வெல்லுறதை ஒருக்கா பாக்க வேணும் தம்பி. பிறகு என்ன வேணுமெண்டாலும் நடக்கட்டும்." அப்படிப் பேசாதீர்கள் என்று அதட்டினேன். அப்படியென்றால் நீர் வெல்லுவம் என்று சொல்லும் என்றார். மாட்டேன், நான் சொன்னால் தோற்றுவிடுவோம் என்றேன். சிரித்தார், சிரிக்கும்போது மூச்சு வாங்கியது.

அந்த வார வெள்ளிக்கிழமை வென்றோம். மைதானத்திலிருந்தே அவருக்குப் போன் செய்து, கூட்டத்தின் சத்தத்தைக் கேட்க வைத்தேன். சனிக்கிழமையும் வென்றோம். நம்ப முடியாமல் நான் பக்கத்திலிருந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அன்று போனில் அக்காவின் குரல் மிகவும் தணிந்திருந்தது. "இன்னும் ஒண்டு" என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஞாயிறு காலை பாபடோயிட்டோய் வீட்டுக்குப் போனேன். வீடு நிறைய ஆட்கள். மருத்துவமனையிலிருந்து உடல் வர இரண்டு நாளாகும் என்றார்கள். ஞானம் அண்ணன் என்னைத் தனியே அழைத்து, ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஒரு மணிக்கு என்றேன். நான் போகப்போவதில்லை என்றும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ விடிய விடிய அந்த மூண்டாவதைத்தான் கதைச்சுக்கொண்டு கிடந்தவ. போய்ப் பாத்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்லும்." சுற்றி நின்றவர்கள் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். நான் போனேன்.

அக்காவின் இருக்கையில் ரோல்ஸ் டப்பாவை வைத்தேன். வரிசைக்காரர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆட்டம் தொடங்கும் நேரம் வந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எழுந்து நின்று "வெல்லுவம்" என்றேன். வரிசை முழுவதும் திருப்பிச் சொன்னது. அழுதுகொண்டே உட்கார்ந்தேன்.

என்ன ஆட்டம் அது! முன்னால் போனோம், பின்னால் போனோம், சமமானோம். கடைசி இன்னிங்ஸில் ஒரு ரன் பின்னால், இரண்டு பேர் அவுட், மூன்றாமவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது, மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். மட்டை பிடித்தவன் அக்கா "தடியன்" என்று செல்லமாகத் திட்டும் பையன். அடித்தான். பந்து உயர, உயரப் போனது. நான் நாற்காலி மேல் ஏறிவிட்டேன். எதிரணிக்காரன் வேலியோடு முதுகு உரச ஓடிப்போய்ப் பிடித்துவிட்டான்.

தோற்றோம். நான் எழுந்து நின்று கைதட்டினேன், பிறகு அக்கா சார்பில் தடியனைக் கொஞ்சம் திட்டினேன். வாசலில் நின்று ஞானம் அண்ணனுக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் ஒரு பந்து விடாமல் சொன்னேன். நீர் என்னவென்று கட்டினீர் என்று கேட்டார். வெல்லுவம் என்று என்றேன்.

"அப்ப ரோல்ஸ் நீர்தான் தர வேணும்" என்றார்.

மறுநாள், துக்க வீடாதலால், காய்கறி மட்டும் வைத்து மரக்கறி ரோல்ஸ் செய்து கொண்டுபோனேன். ஒன்றைக் கடித்துவிட்டு, உப்புக் காணாது என்றார். அக்கா எப்போதும் சொல்வதும் அதுதான். பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்த டப்பாவின் முன் உட்கார்ந்து வெகுநேரம் அழுதோம்.

அக்காவின் தொப்பியை நான் கேட்கவில்லை, அது அவரோடு போனது. நான் எடுத்துக்கொண்டது பந்தயத்தில் அவருடைய பக்கத்தை. அங்கே இப்போது வேறு ஆளில்லை. இந்த வெள்ளிக்கிழமை புது எதிரணி வருகிறது. வாழ்நாளில் முதல்முறையாக ஞானம் அண்ணனும் மைதானத்துக்கு வருகிறார். தோற்போம் என்று இப்போதே கட்டிவிட்டார், மாவு பிசையவும் கற்றுக்கொள்கிறாராம். அவர் பிசையத்தான் வேண்டியிருக்கும்.

வெல்லுவம்.