சுமங்கலி கைக்கட்டு

காலாண்டுப் பரீட்சை லீவு விட்டால் மற்ற பிள்ளைகள் அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போவார்கள். நான் மாமாவோடு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறுவேன். மாமா தலையில் பூக்கூடை இருக்கும். என் கையில் ஈரத்துணி சுற்றிய பை இருக்கும்.

எண்பதுகளின் கடைசி. நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டில்தான் இருந்தோம். மாமா அம்மாவுக்கு அண்ணன். பூ வியாபாரம்.

வன்னியம்பட்டியிலிருந்து விடியுமுன்பே பூ வந்துவிடும். செவ்வந்தி, கனகாம்பரம், மரிக்கொழுந்து. அம்மா பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டுவாள். வாசலில் யாராவது கூப்பிட்டால் பூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, நிலக்கடலையை மடியில் போட்டு உரிக்க ஆரம்பிப்பாள். எனக்கு அது ஏதோ விளையாட்டு மாதிரித் தெரிந்தது.

அம்மா கட்டினால் நார் வெளியே தெரியாது. பூ மட்டும்தான் தெரியும். மாமாவுக்கு வியாபாரம் ஓடியது அந்தக் கட்டினால்தான். ஆனால் அவர் சொல்லி விற்றது வேறு.

"ஆண்டாள் ஊருப் பூம்மா. என் வீட்டுக்காரி தலைக்குக் குளிச்சு, மஞ்சப் பூசி, பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்து கட்டுனது. சுமங்கலி கைக்கட்டு. கொலுவுக்கு இதை விட்டா வேற எதைப் போடுவிய?"

ஒவ்வொரு வாசலிலும் இதே பேச்சு. நவராத்திரியில் அது நன்றாக எடுபட்டது.

அவர் சொன்ன வீட்டுக்காரி என் அத்தை. அவளுக்கு ஒரு முழம் கட்டத் தெரியாது. அவள் கட்டினால் தூக்கும்போதே பூ பாதி கீழே கிடக்கும். "என் கை பட்டா செவ்வந்தி தானா உதுந்துருதுட்டி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

தாலியறுத்தவள் கட்டின பூ என்று தெரிந்தால் ஒரு வீட்டிலும் கூடையை இறக்கச் சொல்ல மாட்டார்கள். மாமா அதை எனக்கு விளக்கவில்லை. "யாரு கட்டுனதுன்னு கேட்டா அத்தைன்னு சொல்லணும். வேற பேச்சுப் பேசுன, வாயிலயே போடுவேன்" என்றார். அம்மாவின் வேலையைத் திருடி அத்தைக்குக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். கேட்டவர்களிடம் எல்லாம் அத்தை அத்தை என்றேன். சொல்லும்போதெல்லாம் அவர் காலை மிதிக்கலாம் போல இருந்தது.

அந்த வருஷம் மாமா ஒரு மில்லுக்காரர் வீட்டை விடாமல் பிடித்திருந்தார். ஆயுத பூஜைக்கு மில்லில் அத்தனை மெஷினுக்கும் மாலை வேண்டும். அது கிடைத்தால் தீபாவளி வரைக்கும் கவலை இல்லை. கிடைக்காவிட்டால் அம்மாவும் நானும் மாமா வீட்டில் கூடுதல் வாய் என்பது எனக்கே தெரியும். மில்லுக்காரர் வீட்டம்மா சரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒம் பொஞ்சாதியக் கூட்டிட்டு வாப்பா. நாளைக்குக் கொலு பாக்கப் பொம்பளைக வாராக. நடு வீட்டுல உக்காந்து கட்டட்டும், எல்லாரும் பாக்கட்டும். பொறவு மில்லு மாலையப் பேசிக்கிடலாம்."

"அதுக்கென்னம்மா" என்று மாமா உடனே தலையாட்டினார்.

வீட்டில் அத்தை பிடித்துக்கொண்டாள். "சுமங்கலி சுமங்கலின்னு தெருத் தெருவாக் கூவுனியள்ல. இப்ப நீங்களே சேலையக் கட்டிட்டுப் போயி உக்காருங்க."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழி சொன்னது அம்மா. கதவுக்கு உள்ளேயிருந்து.

"மதினி விரல்ல துணியச் சுத்திக்கிடட்டும். அரிவாமணை வெட்டிருச்சுன்னு சொல்லுங்க. பிள்ளை கட்டட்டும். மதினி பழக்கிவிட்டதா இருக்கட்டும்."

அம்மாவைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கட்ட வரும், ஆனால் நார் தெரியும். சாயங்காலம் முழுக்க அம்மா என்னை உட்காரவைத்துக் கட்டச் சொன்னாள். நார் தெரிந்தால் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடியும். விரல் வீங்கிவிட்டது. நான் முறைத்துக்கொண்டே கட்டினேன்.

மறுநாள் அந்த வீட்டுக் கூடத்தில் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பட்டுச்சேலைகள் சுற்றி உட்கார்ந்தன. அத்தை சுண்டுவிரல் அளவு துணி போதும் என்றில்லாமல் கை முழுவதும் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள். நான் யாரையும் பார்க்கவில்லை. அம்மாவின் கை எப்படிப் போகுமோ அப்படியே என் கையையும் விட்டேன்.

"பிள்ளை கை என்ன வேகம் போகுது" என்றார் வீட்டம்மா. "நல்லாப் பழக்கியிருக்கியே தாயி."

அம்மா பழக்கினது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அத்தை என் தொடையைக் கிள்ளினாள். தோல் பிய்ந்துவிடும் போல இருந்தது. மூடிக்கொண்டேன்.

மில் மாலை எங்களுக்கே என்று ஆனது. அத்தைக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி. நான் கட்டின சரத்திலிருந்தே இரண்டு முழம் நறுக்கி அவள் கொண்டையில் வைத்துவிட்டார்கள். எனக்கு ஒரு பொட்டலம் சுண்டல்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நேராகப் பின் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போய்ச் சுண்டலைச் சுவரில் அடித்தேன்.

"நீ வந்து கட்டிருக்கலாம்ல. எதுக்குக் கதவச் சாத்திட்டு உக்காந்திருக்க?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "மாலை சொல்லிட்டாகளா மதினி?"

"சொல்லிட்டாக."

அத்தை கைத்துணியை அவிழ்த்து எறிந்தாள். பிறகு அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். பஸ் காற்றில் சரம் நழுவிக் கழுத்துக்கு வந்திருந்தது. "இதைச் செத்தச் சரி பண்ணி வச்சுவிடு" என்றாள்.

அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"வைட்டி. நான் சொல்றேன்ல."

அம்மா சேலையில் கையைத் துடைத்தாள். சரத்தை எடுத்தாள். முனையிலிருந்து முனை வரைக்கும் விரலால் தடவினாள். அத்தையின் கொண்டையைச் சுற்றி வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. அத்தையும் நிமிரவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் விரல் வீங்கிக் கிடக்கிறது. அதைப் பார்க்க ஆளில்லை.

ஊரில் யாரும் அந்தக் கையால் பூ வைத்துக்கொள்ளக் குனிய மாட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அம்மா நார் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.