காணிக்கைப் பையில் போட்ட குளம்

என் வலது கையை எங்கள் சபை ஒரு வருஷம் முழுக்கக் கொண்டாடியது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் வந்து, "ஆண்டவர் பேசின கை" என்று பிடித்துக் குலுக்குவார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. பெருமை தாங்கவில்லை. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

வலங்கைமானிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம் எங்கள் ஊர். தேவாலயத்துக்குப் பின்னால் சபைக்குச் சொந்தமான ஒரு குளம் இருந்தது. அழகான குளம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும், எருமைகள் ஊறும். ஆனால் அடைமழை பிடித்தால் கீழத்தெருத் தண்ணீரும் அதை ஒட்டிய வயல்களின் தண்ணீரும் அதில்தான் வந்து விழும். அங்கிருந்து வடிகால் வழியாகக் குடமுருட்டி ஆற்றுக்குப் போய்விடும். கீழத்தெருவின் கடைசி வீடு என் பெரிய மாமாவுடையது, அம்மாவின் அண்ணன். வீட்டுக்குப் பின்னால் அவருக்கு ஐந்து மா நிலம், ஒன்றே முக்கால் ஏக்கர்கூட வராது. அவருக்கு இருந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அந்தக் குளத்தைத் தூர்த்துவிட்டு அங்கே எதையாவது கட்ட வேண்டும் என்று சபைக் கமிட்டிக்கு ஆசை வந்தது. கல்யாண மண்டபம் என்றது ஒரு கட்சி, வாடகைக் கடைகள் என்றது இன்னொரு கட்சி. அப்பா கமிட்டிச் செயலாளர். மூன்று மாதம் இதே சண்டை. ஒரு கூட்டத்தில் மாமா எழுந்து, "கொளத்தத் தூத்துட்டா எங்க தண்ணி எங்கங்க போவும்?" என்று கேட்டார்.

"பூமிய ஆளத்தானே ஆண்டவர் மனுசன் கையில குடுத்திருக்காரு?" என்றார் போதகர்.

"ஆளக் குடுத்தவருதான் ஐயா, தோட்டத்தக் காக்கவும் சொன்னாரு. வேதத்துல அடுத்த பக்கத்துலயே இருக்கு. அந்தப் பக்கத்தத் திருப்பவே மாட்டீங்களா?"

போதகருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பாவுக்கு அதைவிட. "மச்சான், உக்காருங்க. சபைக்கு ஒரு நல்லது நடக்குறப்ப குறுக்க நிக்காதீங்க" என்றார். பெண் கொடுத்த வீட்டுக்காரரை ஊர் முன்னால் அப்படி அடக்கியதற்கு அன்று இரவு அம்மா அப்பாவுக்குச் சோறு மட்டும் போட்டாள், பேச்சுக் கொடுக்கவில்லை.

கடைசியில் போதகர் ஒரு வழி சொன்னார்: சீட்டுப் போட்டு ஆண்டவரையே கேட்டுவிடுவோம். எங்கள் ஆட்களிடம் இது உள்ள பழக்கம்தான். பெண்ணை எந்த இடத்தில் கொடுப்பது, எந்த ஊர் வேலைக்குப் போவது என்று குழம்பினால் ஜெபம் பண்ணி, துண்டுச் சீட்டு எழுதி, ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்தது தேவ சித்தம். அதற்கு மேல் பேச்சே கிடையாது. எவ்வளவு வசதி பாருங்கள்! யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பாவமறியாத பிள்ளை என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று காலையில்தான் தம்பியின் கன்னத்தைக் கடித்து வைத்திருந்தேன். ஆராதனை முடிந்து எல்லாரும் ஜெபத்துக்கு எழுந்தபோது பின்வரிசையிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"தண்ணி எப்படிப் போவும்னு இனிமேதான் ஆண்டவர் சொல்லணுமா? மேட்டுலேருந்து பள்ளத்துக்குன்னு அவரு எப்பவோ சொல்லிட்டாரு. ஒங்களுக்குத்தான் காது கேக்கல."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். ஜெபம் நடந்தது. சிவப்பு வெல்வெட் காணிக்கைப் பைக்குள் கையை விட்டேன். ஒரு சீட்டை எடுத்தேன். 'மண்டபம்.' அப்பா பைக்குள் மிச்சமிருந்த சீட்டையும் எடுத்து விரித்து, சபை முழுக்கப் பார்க்கும்படி காட்டினார். 'கடைகள்.'

"பாத்துக்குங்க, ஒளிவு மறைவு ஒண்ணுமில்ல."

எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

அடுத்த வாரமே ஜேசிபி வந்தது, டிப்பர் லாரியில் மண் வந்தது. வடிகாலின் வாயும் அந்த மண்ணுக்குள்ளேயே போனது. தண்ணீரை இறைத்தபோது அகப்பட்ட விரால்களைக் கமிட்டிக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலும் குழம்பு மணந்தது. அம்மா தொடவில்லை. நான் இரண்டு துண்டு தின்றேன்.

மறு வருஷம் கார்த்திகையில் விடாமல் மழை. மண்டபம் உயரமான மேடையில் பளபளவென்று எழும்பி நின்றது. கீழத்தெருவில் இடுப்பளவு தண்ணீர். மாமாவின் சம்பாப் பயிர், கதிர் வரப்போகிற பயிர், நாள் கணக்கில் தண்ணீருக்குள் கிடந்து அழுகிப் போனது. கீழத்தெரு ஜனங்களை எல்லாம் கொண்டுவந்து அந்த மண்டபத்தில்தான் தங்க வைத்தார்கள். போதகர் நடுவில் நின்று கையை உயர்த்தி ஜெபித்தார்: "இந்த ஆபத்து நாளுக்காகவே, ஆண்டவரே, எங்களுக்கு இந்த மண்டபத்தக் குடுத்தீரே!"

என்ன நெஞ்சழுத்தம்! அந்தத் தண்ணீருக்கு இருந்த ஒரே இடத்தில் நின்றுகொண்டு, தண்ணீரிலிருந்து காப்பாற்றியதற்காக நன்றி சொன்னார். நனைந்து நடுங்கிக் கொண்டிருந்தவர்களும் ஆமென் சொன்னதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அப்பா வாளியில் சாம்பார் சாதம் எடுத்துப் பரிமாறிக்கொண்டு வந்தார். மாமாவின் தட்டிலும் போட்டார். இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. மாமா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீரிலேயே நின்று அவர் பாதமெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பல நாளாக நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட்டேன்.

"நான்தான் மாமா தப்பான சீட்ட எடுத்துட்டேன். இன்னொண்ண எடுத்திருந்தா ஒங்க பயிரு பொழைச்சிருக்கும்."

மாமா என் வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"அந்தச் சீட்டுலயும் கொளம் இல்லம்மா" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழாதே என்பதைத்தான் ஏதோ சுற்றிவளைத்துச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தடவை சீட்டுப் போடும்போது கட்டாயம் சரியானதை எடுத்துவிடுகிறேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.