காசு கட்டியவனுக்கு வைத்த பேர்

சேத்தியாத்தோப்பு பஸ் நிறுத்தத்தில் சிங்காரவேலுவின் இரண்டு முழங்கால்களையும் அவன் மச்சினன்மார் உடைத்தார்கள். உடைக்க எடுத்தது ஜாக்கிக் கம்பி. கல்யாணமாகி நாற்பது நாள். நெய்வேலி சுரங்கத்தில் அப்ரண்டிஸ் என்று சொல்லிப் பெண் எடுத்தவன், தனியாரிடம் காசு கட்டி வெல்டிங் படிக்கிறவன் என்று தெரிந்துபோயிற்று.

செய்தி அன்றே அமிர்தநாதனுக்கு வந்தது. டவுன்ஷிப்புக்கு வெளியே சிங்காரவேலு படித்த வெல்டிங் பயிற்சி நிலையத்தில் வாத்தியார் அவர்தான். 1979 ஜூனில் சேர்க்கை பாரம் அச்சடித்தபோது 'மாணவர்' என்றுதான் எழுதிக் கொடுத்தார். முதலாளி மருதாசலம் கோயமுத்தூர்க்காரர். அந்தச் சொல்லை அடித்தார்.

"மாணவர்னா எவனுங்க காசு கட்டுவான்? அப்ரண்டிஸ்னு போடுங்க. பொண்ணு குடுக்கறவன் காதுல விழட்டும்."

நெய்வேலியில் அப்ரண்டிஸ் என்றால் சுரங்க நிர்வாகமே உதவித்தொகை கொடுத்துப் பழக்குகிற ஆள். நாளைக்குப் பர்மனென்ட் ஆவான், குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று ஊர் கணக்குப் போடும். அமிர்தநாதனுக்கு அது தெரியும். தெரிந்தேதான் மாற்றி எழுதினார். ஒவ்வொரு சான்றிதழிலும் கையெழுத்தும் போட்டார்.

அந்த ஞாயிறு கம்மாபுரத்தில் சின்னதுரைக்கு நிச்சயதார்த்தம். அவனும் இவரிடம் படிக்கிறவன். இவன் காலாவது மிஞ்சட்டும் என்று, பூசைக்குப் போகாமல் சைக்கிளை மிதித்தார். பையனைத் தனியே கூப்பிட்டு, பெண் வீட்டில் நீயே உண்மையைச் சொல்லிவிடு என்று சொல்வதாகத்தான் எண்ணம். பந்தலில் நுழைந்ததுமே வாத்தியார் என்று முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். தட்டு மாற்றும் முன் பெண்ணின் தகப்பன் ராமலிங்கம் அவர் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, புள்ள மைன்ஸ் அப்ரண்டிஸ்தானுங்களே?"

சின்னதுரை கண்ணாலேயே கெஞ்சினான்.

"இல்லீங்க. எங்ககிட்ட காசு கட்டிப் படிச்சிகினு இருக்கான். அந்தப் பேரு நாங்களா வச்சது."

தட்டு பறந்தது. ராமலிங்கத்தின் தம்பி சின்னதுரையின் சட்டையைப் பிடித்துப் பந்தக்காலில் முகத்தை மோதினான். இரண்டு பற்கள் ஜமக்காளத்தில் விழுந்தன. அமிர்தநாதன் குறுக்கே போனார். இவன் வேலை சுத்தம், எந்தக் கான்ட்ராக்டரும் கூப்பிட்டு எடுத்துக்கொள்வான் என்று சொல்ல வந்தார்.

"புள்ள கைவேலை..."

சின்னதுரைதான் மூங்கிலை உருவி அவர் தலையில் இறக்கினான். இரண்டாவது அடியும் அவனுடையது. மூன்றாவது யாருடையது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அமிர்தநாதனுக்கு இடது காதுக்கு மேல் எலும்பு நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு உடைந்து உள்ளே அமுங்கியிருந்தது. மூன்று நாள் மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. காதிலிருந்து வடிந்ததை மனைவி லூசியம்மாள் துடைத்தபடி இருந்தாள். புதன்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு வடிவது நின்றது.