நாற்பது தையல் மெசின்

தவநாயகி அக்காவைக் கோபக்காரி என்று லண்டன் இல்ஃபோர்ட் முழுக்கச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பக்கத்து வால்தம்ஸ்டோவில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கிடங்கு. போர் நடக்கும் சூடானுக்கு அங்கிருந்து பொருட்கள் போகின்றன. அக்கா பெட்டிகளைச் சரிபார்ப்பவர். நான் அவற்றை லொறியில் ஏற்றுபவன். போன மாதம் நாற்பது தையல் மெசின்கள் வந்து இறங்கின. முகாமில் இருக்கும் பெண்கள் தைத்துப் பிழைத்துக்கொள்வார்களாம். அக்கா ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். எல்லாம் கரண்டில் ஓடுபவை. போகிற முகாமிலோ கரண்ட் என்ற பேச்சே இல்லை.

பெட்டிக்குள் இருந்த தாளையும் வாசித்தார். மாதம் ஒருமுறை பார்க்க வருபவரிடம் மெசினைக் காட்ட வேண்டும், காட்டாதவரின் பெயர் உதவிப் பட்டியலிலிருந்து எடுக்கப்படும் என்று இருந்தது. அக்காவின் முகம் கறுத்துவிட்டது.

காரணம் எனக்குத் தெரியும். 2008இல் கிளிநொச்சியில் அக்காவுக்கும் ஒரு நிறுவனம் இதே மாதிரி மெசின் கொடுத்தது. அங்கே கரண்டைக் கண்டு வருஷக்கணக்கு. மெசினைக் காட்டினால்தான் நிவாரணம் என்றார்கள். ஷெல் விழத் தொடங்கி ஊரே ஓடியபோது வீட்டில் இருந்தது ஒரே ஒரு சைக்கிள். அதன் கரியரில் அரிசி மூட்டையா, மெசினா? நிவாரணம் வெட்டுப்பட்டுவிடும் என்ற பயத்தில் அக்கா மெசினைக் கட்டினார். நான்காம் நாள் சோறு கேட்டு அழுத ஐந்து வயது மகள் ஜெனோஜாவுக்கு அடித்தார். மெசினைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. கொடுத்தவர்கள் எப்போதோ வன்னியை விட்டுப் போயிருந்தார்கள். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் கிடங்கின் பொறுப்பாளர் கீர்த்தனன் லண்டனில் பிறந்தவர், பெரிய படிப்புப் படித்தவர். மெசின் தந்த கம்பனியோடு படமும் எடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமை கப்பல், சரிபார்த்ததாகக் கையெழுத்தைப் போடுங்கள் அன்ரி என்றார். ஒன்றுமில்லாத சனத்துக்கு இலவசமாகக் கிடைப்பது நல்லதுதானே என்றும் கேட்டார்.

“நீங்கள் சும்மா குடுப்பியள் தம்பி. சுமக்கிறது அவையளெல்லோ,” என்றார் அக்கா. “என்ரை கையெழுத்தோடை இது போக ஏலாது.”

கீர்த்தனன் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து அக்காவுக்கு ஷிப்ட் இல்லை என்றும் சொல்லிவிட்டார். இப்படித்தான் உலகத்துக்கு உதவி செய்கிறார்கள்.

கடைசி ஷிப்டில் அக்கா, கிடங்கைச் சுத்தம் செய்யும் சூடான் பெண் ஹிபாவிடம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மூன்று வரி சொல்லி, அதை அரபியில் எழுதித் தரச் சொன்னார். ஹிபா எழுதி முடித்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது பிரதி எடுத்து, ஒவ்வொரு பெட்டியிலும் அந்த நிபந்தனைத் தாளுக்கு மேலே வைத்து மூடினோம். பெட்டிகளை லொறியில் ஏற்றியதும் நான்தான்.

அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஓட வேண்டி வந்தால் இதை விட்டுவிடு. சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடு. பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள்.