கேட்டில் ஆள் இல்லாத இருபத்திரண்டு நிமிடங்கள்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை 9.40. தூறல், குடை பிடிக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் மூக்குக் கண்ணாடியை நான்கு முறை துடைக்க வேண்டியிருந்தது. எங்கள் குடியிருப்பின் கேட் அருகே, காவலாளியின் கூண்டு வாசலில் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு நின்றிருந்தேன். பதினோரு கேள்விகள். பதினொன்றுக்கும் பதில் எழுதி முடித்திருந்தேன். பணியாளர் தரப்பில் காவலாளியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

செகந்திராபாத்தில் இருபத்துநான்கு வீடுகள் கொண்ட கட்டடம் எங்களுடையது. நான் சங்கச் செயலாளர். அதற்கு முன் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். யார் எப்போது உள்ளே வந்தார், எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை.

படிவத்தை அனுப்பியது நகரத்தில் உள்ள ஒரு குடிமக்கள் அமைப்பு. எல்லாத் தரப்பினருக்கும் வேலை கொடுத்து மரியாதையாக நடத்தும் இடங்களுக்கு அவர்கள் பாராட்டுப் பத்திரம் தருகிறார்கள். வழக்கமாக அது கச்சிபௌலியின் பெரிய அலுவலகங்களுக்குத்தான் போகும். அந்த வருடம் கடைகள், பள்ளிகள், குடியிருப்புச் சங்கங்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். எங்கள் தலைவர் உடனே என்னைக் கூப்பிட்டார். மார்ச் மாதத்தில் பகல்நேரக் காவலுக்கு ஒரு திருநங்கையை வேலைக்கு வைத்திருந்தோம்.

"செக்ரட்டரி சாப், இந்த ஏரியாவுல வேற யாரு வெச்சிருக்காங்க? பத்திரம் நமக்குத்தான். ஃப்ரேம் போட்டு லிஃப்ட் பக்கத்துல மாட்டணும்."

அவரிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தப் பெண்ணை வேலையிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். என் பால்கனியிலிருந்து கேட் தெரியும். ஒரு நாளில் மூன்று முறை அவர் கேட்டை விட்டுப் போனார். ஒவ்வொரு முறையும் சராசரியாக இருபத்திரண்டு நிமிடம். பன்னிரண்டு நாட்கள் தொடர்ந்து எழுதியிருந்தேன். ஆக, தினமும் அறுபத்தாறு நிமிடம் கேட்டில் ஆள் இல்லை. அவர் யார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கடிகாரம் சொல்வதைத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி அந்த நோட்டைப் பார்த்துவிட்டாள்.

"எங்க போறேம்மான்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"டைம் ஆபீஸ்ல அதெல்லாம் கேக்கறதில்ல."

"அதான் முப்பத்தோரு வருஷமும் கேண்டீன்ல தனியா உக்காந்து சாப்பிட்டீங்க."

கூண்டுக்குள் அந்தப் பெண் படிவத்தை வரி வரியாகப் படித்தார். செகந்திராபாத்திலேயே பிறந்தவர், தமிழ்க் குடும்பம், வயது முப்பத்துநான்கு. ஏழாவது கேள்வியில் பேனா நின்றது. பணியாளர்கள் உள்ளே தாழிட்டுக்கொள்ளக்கூடிய கழிப்பறை பணியிடத்தில் இருக்கிறதா என்பது கேள்வி. 'உண்டு' என்று எழுதியிருந்தேன்.

"சார், இது எந்த பில்டிங்குக்கு எழுதினீங்க?"

"இதுக்குத்தாம்மா. பேஸ்மென்ட்ல இருக்கே."

"நீங்க உள்ள போய்ப் பாத்திருக்கீங்களா?"

பதினெட்டு வருடமாக அங்கே குடியிருக்கிறேன். ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"தாழ்ப்பாள் இல்ல சார். பல்பும் இல்ல. வேலைக்கு வந்த மொத வாரம், நான் உள்ள இருக்கறப்ப ஒரு டிரைவர் கதவைத் தள்ளிட்டான். தெரியாம தள்ளினாப் பரவால்ல. வெளிய போய் இன்னும் மூணு பேரைக் கூட்டிட்டு வந்து சிரிச்சான். நக்கோ, இனிமே இந்தப் பக்கமே வேணாம்னு விட்டுட்டேன். பஸ் ஸ்டாண்ட்கிட்ட காசு குடுத்துப் போற எடம் இருக்கு. அங்க உக்காந்திருக்கற அம்மா என்னைப் பாத்து ஒண்ணும் சொல்றதில்ல."

"போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது உங்க நோட்டுலயே இருக்குமே சார். பால்கனில நின்னு எழுதறீங்களே, நான் பாக்கலையா? மொதல்ல நாலு தடவை போவேன். நீங்க எழுத ஆரம்பிச்சப்புறம் தண்ணி குடிக்கறதைக் கொறைச்சு மூணாக்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, இவளை வெச்சாலே தொந்தரவுன்னு அனுப்பிடுவாங்க. முன்னாடி ரெண்டு எடத்துல அப்படித்தான் ஆச்சு. இந்த வேலை எனக்கு வேணும் சார்." சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவதற்குக் குனிந்தார். நான் படிவத்தை வாங்கிக்கொண்டேன்.

பேஸ்மென்ட்டுக்குப் பதினான்கு படிகள். கதவை ஒரே விரலால் தள்ளினேன், திறந்தது. உள்ளே போய்ச் சாத்தினேன். தானாகவே மறுபடி திறந்தது. அந்த இருட்டில் ஒரு நிமிடம்கூட என்னால் நிற்க முடியவில்லை. மேலே வந்து 'உண்டு' என்பதை அடித்து 'இல்லை' என்று எழுதி, அதன் பிறகு அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

தலைவருக்குக் கோபம். "கைக்கு சாப், எதுக்கு இந்தப் பிடிவாதம்? நாளைக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுட்டாப் போச்சு. இன்னிக்கு உண்டுன்னு எழுதுங்க."

"நாளைக்குப் போட்டா நாளைக்கு எழுதறேன்."

படிவம் 'இல்லை'யோடுதான் போனது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். அந்தப் பழைய குறிப்பு என்னிடம் இருந்ததையும் அதை ஏன் கிழித்தேன் என்பதையும் சொன்னேன். அவரை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் இத்தனை வருடம் எங்கே போனார்கள் என்று ஒரு அம்மா கேட்டார். ஆனால் பழுதுபார்க்க மூன்று இடங்களில் விலை கேட்க வேண்டும், தீர்மானம் போட வேண்டும், இரண்டு மாதமாவது ஆகும் என்றார்கள். இரண்டு மாதம் என்றால் எத்தனை முறை பஸ் ஸ்டாண்டுக்கு நடை என்று மனம் அங்கேயே கணக்குப் போட்டது. திங்கட்கிழமை காலையில் நானே ஆள் கூட்டிவந்துவிட்டேன்.

ஜூலையில் அமைப்பிலிருந்து பதில் வந்தது. இந்த முறை பத்திரம் இல்லை. அடுத்த வருடம் விண்ணப்பித்தால் நேரில் வந்து பார்ப்பார்களாம். தலைவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியோடு பேஸ்மென்ட்டுக்குப் போய்த் தானே ஆணி அடித்து மாட்டினார். வீட்டு வேலைக்கு வரும் ஆறு பெண்களும் இப்போது அங்கேதான் போகிறார்கள். காவலாளிப் பெண்ணின் தண்ணீர் பாட்டில் பதினொரு மணிக்குள் காலியாகிவிடுகிறது. அவர் கேட்டை விட்டு எத்தனை நிமிடம் போகிறார் என்று நான் எழுதுவதில்லை.

கதவு, தாழ்ப்பாள், பல்பு, குழாய், இரண்டு நாள் கூலி என்று எல்லாம் சேர்த்து, சங்கம் திருப்பித் தராமல் என் கையிலிருந்து போனது ஏழாயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய்.