இலஞ்சிக் குமாரனிடம் நான் கேட்ட பழைய குரல்

குமாரன் அடியார்களே, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நன்றி சொல்ல வந்தவள் முதலில் வெட்கத்தைச் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். அதை விட்டுவிட்டுச் சொன்னால் பாதிப் பொய்யாகிவிடும். அப்படி ஒருமுறை மைக் பிடித்துச் சொல்லியும் ஆகிவிட்டது. அதனால்தான் இந்தத் தடவை எழுதித் தருகிறேன்.

என் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். தென்காசியில் குடியிருக்கிறோம். முருகன் பாட்டுகளை நானே எழுதி, மெட்டுப் போட்டுப் பாடுகிறவள். என் வீட்டுக்காரர் சங்கரன் கீபோர்டு வாசிப்பார். கோயில் கொடை, கந்த சஷ்டி, பங்குனி உத்திரம் என்று வேன் பிடித்து ஊர் ஊராகப் போவோம். இலஞ்சிக் குமாரரைக் கூப்பிட்டு நான் பாடிய ஒரு பாட்டு கேசட்டாக வந்து, சிடியாக வந்து, இப்போது எல்லார் போனிலும் கிடக்கிறது. இந்தப் பக்கம் 'குமாரன் பாட்டு' என்றால் அதுதான்.

குரலைவிட என் காதைப் பற்றித்தான் எனக்குத் தலைக்கனம் அதிகம். குழுவில் யாருடைய சுருதி இம்மி விலகினாலும் மேடையிலேயே திரும்பி முறைப்பேன். தபேலா வாசிக்கும் மாரியப்பன், "எனக்கு ஆடியன்ஸப் பாத்துப் பயமில்லக்கா, ஒங்க காதப் பாத்துதான் பயம்" என்பார். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தாக வேண்டும், குரல் கொஞ்சம் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. உயிர் பிழைத்தேன். சில மாதங்களில் பேச்சும் தேறியது. பாட்டு மேலே ஏறுகிற இடத்தில் மட்டும் குரல் கிழிந்தது.

அது தெரிந்தே சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு கொடைக்கு ஒத்துக்கொண்டேன். மேடை ஏறினால் சாமி பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. குமாரன் பாட்டைத் தொடங்கினேன். பல்லவியை எப்படியோ பாடி முடித்தேன். சரணத்தில் மேலே போனேன். குரல் உடைந்து, கோழியைப் பிடித்து அமுக்கியது போல ஒரு சத்தம் வந்தது. தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அத்தனை தெருவிலும் அது கேட்டிருக்கும். கூட்டம் சிரித்தது.

"ஏலே, அந்த ஒரிஜினல செட்டுல போடுங்கலே!" என்று யாரோ கத்தினார்கள்.

மைக்செட்காரர் போட்டுவிட்டார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார், பாவம். என் பழைய குரல் ஊரெல்லாம் பாடியது. நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். சிரித்த கூட்டம் அடங்கிக் கை கூப்பியது. என்னைப் பார்த்து அல்ல, ஸ்பீக்கரைப் பார்த்து. பாட்டு முடிகிற வரை நான் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது.

அன்றோடு பாட்டை விட்டேன். வருடங்கள் போயின. என் வீட்டுக்காரர் வேறு குழுக்களுக்கு வாசிக்கப் போனார். நான் வீட்டில் இருந்தேன். ஆடியிலும் மார்கழியிலும் பக்கத்தில் ஏதாவதொரு கோயிலில் என் குரல் கேட்கும். எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன்.

ஒருமுறை கேரளாவில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் புளியறையில் சாப்பிட நிறுத்தினோம். கடையில் குமாரன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்தார்.

"யக்கா, இது நீங்க பாடுனதுதான?"

"இல்ல. அது எங்க அக்கா. அவ செத்துப்போயிட்டா."

"அடடா, என்ன கொரலு" என்று அவர் உச்சுக்கொட்டினார். என் வீட்டுக்காரர் பிய்த்த புரோட்டாவை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

பாட்டை நான் விட்டாலும் பாட்டு என்னை விடவில்லை. சமைக்கும்போது வரி வரும், துணி உலர்த்தும்போது மெட்டு வரும். சீசன் தொடங்கினால் குற்றாலத்துக்குப் போய்விடுவேன். பெண்கள் பக்கம் அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்து நின்றுகொண்டு, வாய்விட்டுப் பாடுவேன். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளுக்கும் கேட்காது, எனக்கும் கேட்காது. எனக்குக் கேட்காததுதான் பெரிய நிம்மதி. அங்கே நின்றுதான் குமாரனைக் கேட்டேன்: "என் பழைய குரலைக் கொடு. இல்லையென்றால் இந்தப் பாட்டையும் என்னிடமிருந்து எடுத்துக்கொள். இரண்டுக்கும் நடுவில் என்னை வைத்து வதைக்காதே." அழுதால்கூட அங்கே யாருக்கும் தெரியாது.

அந்த ஐப்பசியில் மாதக் கிருத்திகை விரதம் தொடங்கினேன். கிருத்திகை தோறும் இலஞ்சிக்குப் போய்விட்டு வருவேன். முதல் கிருத்திகை அன்று கோயிலிலிருந்து திரும்பியதும் என் வீட்டுக்காரர் கீபோர்டை எடுத்து வைத்தார். "ஏட்டி, வெளிய யாரும் இல்ல. எனக்காக ஒரு பாட்டு பாடேன்" என்றார். கதவைச் சாத்திவிட்டுப் பாடினேன். கிழிந்தது. ஆனாலும் தினமும் உட்கார வைத்தார். அடுத்த கிருத்திகை முடிந்து பாடியபோது கொஞ்சம் தேவலை. அதற்கடுத்த கிருத்திகைக்கு இன்னும் தேவலை. ஒவ்வொரு கிருத்திகைக்கும் தொண்டையில் ஒரு முடிச்சை அவிழ்த்து விடுகிறான் குமாரன் என்றே நம்பினேன். மாசி வந்தபோது சரணத்தில் ஏறினேன், கிழியவில்லை! கீபோர்டு மேலேயே தலையை வைத்து அழுதேன். அவரும் அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

குழுவைத் திரும்பச் சேர்த்தோம். மாரியப்பன் பெரிதாக வேறொரு தபேலா கொண்டுவந்தார். "புதுசா?" என்றேன். "ஆமாக்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

பங்குனி உத்திரத்தன்று உங்கள் முன்னால்தான் மைக்கை வாங்கினேன். "அறுத்த தொண்டையில் அதே பழைய குரலைக் குமாரன் திருப்பிக் கொடுத்துவிட்டான்" என்று அழுதுகொண்டே சொல்லிப் பாடினேன். நீங்களும் அழுதீர்கள். பலர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். பிறகு திருவேங்கடம், புளியறை என்று பல ஊர்களில் நிகழ்ச்சிகள் வந்தன. புளியறையில் அந்தக் கடை இருக்கும் பக்கம் நான் திரும்பவில்லை. ஆடியில் சுந்தரபாண்டியபுரத்திலிருந்தே கேட்டு வந்தார்கள், அதே கோயில் கொடைக்கு. 'குமாரன் அருளால் குரல் மீண்ட' என்று என் படத்தோடு பிளக்ஸ் அடித்துவிட்டார்கள்.

அந்தக் கொடைக்கு முந்தின வாரம், தென்காசியில் ஒரு ஸ்டுடியோவில் குமாரன் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்யப் போனோம். ரெக்கார்டிங் செய்யும் முத்து பழைய பழக்கம். உற்சாகமாகச் சொன்னார்: "அக்கா, பழைய பாட்டோட மியூசிக் டிராக் அப்படியே என்கிட்ட இருக்கு. அதுக்கு மேல பாடிருங்க, போதும்."

என் வீட்டுக்காரர் அவசரமாக, "வேண்டாம்ப்பா, நான் புதுசா வாசிச்சிருதேன்" என்றார்.

"கெடக்குத மியூசிக்க விட்டுட்டு என்னத்துக்குப் புதுசு? போடு முத்து" என்றேன். எனக்கு அவ்வளவு திமிர்.

ஹெட்போன் மாட்டினேன். மியூசிக் தொடங்கியதும் பாடினேன். பல்லவியிலேயே குரல் எட்டவில்லை. இரண்டாவது வரியில் சுந்தரபாண்டியபுரத்தில் வந்த அதே சத்தம் வந்தது. முத்து நிறுத்தினார்.

"என்னக்கா, இது அஞ்சரைக் கட்டைல்லா? நீங்க இப்போ ரெண்டரைலதான பாடுதீங்க? புளியறை புரோகிராம்ல கேட்டேனே."

பாட்டு நிற்கும் உயரத்தைத்தான் கட்டை என்போம். அஞ்சரை என் பழைய உயரம். ரெண்டரை அதற்கு வெகு கீழே, ஆண்கள் பாடுகிற உயரத்துக்குப் பக்கத்தில். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

குரல் திரும்பவே இல்லை. கீபோர்டில் சுருதியை இறக்க ஒரு பட்டன் உண்டு. கிருத்திகைக்குக் கிருத்திகை அதை அமுக்கி அரைப் படி அரைப் படியாக என்னைக் கீழே கொண்டுவந்திருக்கிறார். குழுவில் எல்லாருக்கும் தெரியும். சுருதி இறங்கினால் தபேலாவும் பெரிதாக வேண்டும், மாரியப்பன் வேறொன்று கொண்டுவந்தது அதற்குத்தான். பழைய பதிவை நான் ஒருநாளாவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஜன்னலைச் சாத்திச் சாத்தியே ஏமாந்திருக்கிறேன். குமாரன் சன்னதியில் நின்று உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறேன். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் குற்றாலத்துக்குப் போனேன். அவரும் பின்னாலேயே வந்தார். அருவிக்கு அடியில் நின்றேன், பாட வாய் வரவில்லை. வெளியே வந்தபோது துண்டோடு நின்றுகொண்டிருந்தார். வாங்கவில்லை.

"என்னப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்களே! அத்தன பேரு முன்னால சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்ல வச்சிட்டீங்களே!"

"சொன்னா நீ பாடியிருப்பியா? 'ஆம்பளக் கட்டையில நான் பாடவா'ன்னு எந்திரிச்சுப் போயிருக்க மாட்ட?"

போயிருப்பேன். அது எனக்கும் தெரியும்.

"அது என்ன, கிருத்திகை பாத்து இறக்குனீங்க?"

"அன்னைக்குத்தான் ஒன் மொகத்துல ஒரு தெம்பு இருக்கும். அந்த நேரம் பாத்துதான் எனக்கும் தைரியம் வரும்." துண்டை நீட்டியபடியே சொன்னார்: "ஒன் காதப் பத்தி எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும், குமாரா, இவ காதுக்கு மட்டும் இது தெரியாமப் பாத்துக்கன்னு வேண்டிக்கிட்டுத்தாம்ட்டி அந்தப் பட்டன அமுக்குவேன்."

ஈரத் தலையோடு அப்படியே நின்றேன். ஊரில் யார் சுருதி விலகினாலும் பிடிக்கிற காது. தினமும் ஒரு கையெட்டும் தூரத்தில் வாசித்ததை அத்தனை மாதமும் பிடிக்கவில்லை. நான் தொண்டைக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் அதே குமாரனிடம் என் காதுக்காக வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். என் வேண்டுதலை அவன் கேட்கவில்லை. இவருடைய வேண்டுதலைக் கேட்டிருக்கிறான். குமாரன் தொட்டது என் தொண்டையை அல்ல, காதை. துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "பஜ்ஜி வாங்குங்க, குளிருது" என்று மட்டும் சொன்னேன்.

சுந்தரபாண்டியபுரத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். போனோம். வேனை விட்டு இறங்கும்போதே ஸ்பீக்கரில் குமாரன் பாட்டு, என் பழைய குரலில். விழாக் கமிட்டி அண்ணாச்சி பதறிப்போய், "நிறுத்தச் சொல்லவாம்மா?" என்றார். "முடியட்டும் அண்ணாச்சி" என்றேன். எத்தனையோ வருடம் கழித்து முழுதாகக் கேட்டேன். நன்றாகத்தான் பாடியிருக்கிறாள். புளியறையில் நான் சாகடித்தது இவளைத்தான்.

மேடையில் முதலில் பாடவில்லை. "பிளக்ஸ்ல போட்டிருக்கது உண்மையில்ல. என் கொரல் திரும்பல. என் வீட்டுக்காரர் எனக்கே தெரியாம சுருதிய எறக்கி என்னப் பாட வச்சிருக்காரு. இனிமே இந்தக் கொரல்தான். பிடிக்கலன்னா ஒரிஜினலப் போட்டுக்கிடுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். முன்வரிசையில் பிள்ளையை மடியில் போட்டிருந்த ஒரு பெண்தான் பேசினாள்.

"அதத்தான் இப்பக் கேட்டாச்சே. நீங்க பாடுங்கக்கா."

திரும்பி அவரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "ரெண்டரை குடுங்க" என்றேன். பாடினேன். யாரும் எழுந்து போகவில்லை.

அந்த ரெண்டரையிலேயே பாட்டைப் பதிவு செய்து முடித்தோம். புதிதாக ஒரு பாட்டும் எழுதியிருக்கிறேன். புளியறைக் கடைக்கும் போய், அக்கா சாகவில்லை, நான்தான் அது என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். பங்குனி உத்திரத்தன்று என்னை நம்பி அழுதவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

கேட்டது கேட்டபடி வரவில்லையே என்று குமாரனிடம் மனம் விட்டுப்போய் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் வீட்டிலேயே ஒருவர் அவனிடம் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். எனக்கு வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மேடை ஏறும்போது கூடவே ஏறிவருகிறது. இப்போதெல்லாம் ஒவ்வொரு கிருத்திகைக்கும் இரண்டு பேரும் சேர்ந்துதான் இலஞ்சிக்குப் போகிறோம். சன்னதியில் அவர் கண்ணை மூடி உதட்டை அசைக்கும்போது, என்ன வேண்டிக்கொள்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை.